விளக்கு எரிகிறதே என்று இறங்கிவிடாதீர்கள்!

போன சித்திரையில் ஒருநாள் காலை. கழுகுமலையில் என் வைத்தியசாலையைத் திறந்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. ஒரு அம்மா வேகவேகமாக உள்ளே வந்தார். கையில், விரலில் மாட்டிப் பார்ப்போமே, அந்த ஆக்ஸிமீட்டர். கொரோனா சமயத்தில் வாங்கி வைத்தது.

"வைத்தியரய்யா, இது ஒழுங்கா வேலை செய்யுதான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

"யாருக்கும்மா மூச்சுத் திணறல்?"

"யாருக்கும் இல்லங்கய்யா. வீட்டுல செப்டிக் டேங்க் நிறைஞ்சு போச்சு. சுத்தம் பண்ண ரெண்டு ஆளு வந்திருக்காங்க. உள்ளே இறங்கும்போது இதை விரல்ல மாட்டிவிட்டுட்டா, ஆக்ஸிஜன் குறைஞ்சா தெரிஞ்சிரும்லா?"

அந்த அம்மாவின் மனசு பெரியது. வேலைக்கு வந்தவர்களின் உயிரைப் பற்றி நினைக்கிறாரே! ஆனால் அவர் கொண்டுவந்த கருவி அந்த வேலைக்கு ஆகாது. "முதலில் வீட்டுக்குப் போன் போட்டு, ஆளுகளை மேலேயே நிற்கச் சொல்லுங்கள். ஒருவரும் இறங்க வேண்டாம்" என்றேன். நல்லவேளை, அவர்கள் இன்னும் மூடியைக்கூடத் திறக்கவில்லை.

அவருக்கு அன்று நின்றபடி சொன்னதைத்தான் உங்களுக்கு இன்று உட்கார்ந்து விளக்கமாக எழுதுகிறேன். கிணறு, தண்ணீர்த்தொட்டி, செப்டிக் டேங்க் இந்த மூன்றில் ஒன்றாவது இல்லாத வீடு உண்டா?

ரத்தத்தை அளப்பது வேறு, காற்றை அளப்பது வேறு

விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டர் உங்கள் ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்லும். 95-க்கு மேல் இருந்தால் பொதுவாகப் பயமில்லை. ஆனால் கெட்ட காற்றுள்ள குழியில் அந்த எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. எண் இறங்குவதற்குள் ஆள் விழுந்திருப்பார். இன்னொரு ஆபத்தும் உண்டு. கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு ரத்தத்தில் ஏறிவிட்டால், ஆக்ஸிமீட்டர் அதையும் பிராணவாயு என்றே எண்ணிக்கொண்டு 98, 99 என்று காட்டும். மனிதன் செத்துக்கொண்டிருப்பான், கருவி 'நலம்' என்று சொல்லும்!

நமக்குத் தேவை, ஆள் இறங்கும் முன்பே அங்கேயுள்ள காற்றை அளந்து சொல்லும் கருவி. கேஸ் டிடெக்டர் என்பார்கள். உள்ளங்கையில் அடங்கும். சட்டையில் மாட்டிக்கொள்ளலாம். வழக்கமான கருவி நான்கு விஷயங்களைப் பார்க்கும். பிராணவாயு, தீப்பிடிக்கும் வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு.

உடம்பு ஏன் எச்சரிப்பதில்லை?

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். பிராணவாயு 20.9 சதவீதம். எங்கள் ஊர் மலையில் ஏறி வெட்டுவான் கோயில் பக்கம் நின்றாலும் 20.9தான், கீழே தெருவில் நின்றாலும் 20.9தான். இது 19.5-க்குக் கீழே போனால், அந்த இடம் பிராணவாயு குறைந்த இடம் என்று உலகம் முழுக்கக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 16 வாக்கில் புத்தி தடுமாறும், கைகால் சொன்னபடி கேட்காது. 10-க்குக் கீழே மயக்கம். 6-க்குக் கீழே போனால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

"மூச்சு முட்டினால் ஏறி வந்துவிட மாட்டோமா?" என்று கேட்பீர்கள். அங்கேதான் ஏமாறுகிறோம். மூச்சை அடக்கிப் பாருங்கள். சிறிது நேரத்தில் தவிப்பு வருகிறதல்லவா? அந்தத் தவிப்பைப் பெரும்பாலும் உண்டாக்குவது உள்ளே சேர்கிற கரியமில வாயு. பிராணவாயு குறைவதை உடம்பு அவ்வளவு சீக்கிரம் கண்டுகொள்வதில்லை. ஆகவே பிராணவாயு இல்லாத காற்றை இழுத்தாலும், இழுத்த மூச்சை வெளியே விட முடிகிறவரை தவிப்பு பெரிதாகத் தெரியாது. இரண்டு மூன்று மூச்சில் கண் இருட்டும். ஏணியைப் பிடித்த கை நழுவும். அவ்வளவுதான்.

சித்த மருத்துவத்தில் தச வாயுக்கள் என்று பத்தைச் சொல்கிறோம். அதில் முதலில் வருவது பிராணன். முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மற்றதெல்லாம் குறைந்தால் மருந்து கொடுக்க நேரம் இருக்கும். இது குறைந்தால் நேரமே இருக்காது.

காற்று எப்படிக் கெடுகிறது?

எங்கள் கரிசல் காட்டில் கோடையில் கிணறுகள் வற்றிப்போகும். அப்போதுதான் தூர் வாருவார்கள். புழங்காத கிணற்றில் இலையும் சருகும் விழுந்து மட்கும். மட்கும்போது பிராணவாயுவைத் தின்றுவிட்டுக் கரியமில வாயுவை விடும். இந்தக் கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. அடியில் குளம் மாதிரித் தேங்கி நிற்கும். மண்ணுக்குள் இருக்கும் கெட்ட காற்றும் கிணற்றுக்குள் கசியும். மழை மூட்டம் போட்டுக் காற்றழுத்தம் குறைகிற நாளில் இது கூடுதலாகும். நேற்று இறங்கி ஏறிய கிணறு இன்று ஆளைக் கொல்வது இதனால்தான். கிணற்றுக்குள் டீசல் பம்பை இறக்கி ஓட்டினால் கேட்கவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடு நிறைந்துவிடும்.

செப்டிக் டேங்கில் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் சேரும். மீத்தேன் தீப்பிடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை வாடை அடிக்கும். ஆனால் கவனியுங்கள், அது பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துப்போகும். வாடையே தெரியாது. "வாடை போயிருச்சு, இனி இறங்கலாம்" என்று யாராவது சொன்னால், அந்த நிமிஷம்தான் மிக ஆபத்தான நிமிஷமாக இருக்கலாம்.

புதுசாகக் கட்டிய தொட்டியிலும் ஆபத்து உண்டு. கான்கிரீட் போட்டு மூடி, பல நாள் கழித்து சென்டரிங் பலகை பிரிக்க இறங்குகிறவர்கள் மயங்கி விழுவது அதனால்தான். உள்ளே தேங்கிய தண்ணீரும் நனைந்த பலகையும் சேர்ந்து அழுகிப் பிராணவாயுவைத் தின்றிருக்கும். "ஒரு சொட்டுக் கழிவுகூட விழாத புதுத் தொட்டிதானே" என்று நினைக்காதீர்கள்.

நான் செய்த தப்பு

பெரியவர்கள் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் இறங்க மாட்டார்கள். அதில் அறிவு இருக்கிறது, நான் மறுக்கவில்லை. இங்கிலாந்துச் சுரங்கங்களிலும் 1815-ல் ஹம்ஃப்ரி டேவி செய்த காப்பு விளக்கு வந்தது. பிறகு ஹால்டேன் என்ற விஞ்ஞானியின் யோசனைப்படி கூண்டில் கேனரிக் குருவியைக் கொண்டுபோனார்கள். அந்த நாட்டில் குருவிக்கு ஓய்வு கொடுத்துக் கருவியைக் கையில் எடுத்தது 1986-ல்தான்.

ஆனால் விளக்கு சொல்வது பாதி உண்மை. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன்.

இருபது வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக் கிணற்றைத் தூர் வார ஆள் வந்தார். நானே விளக்கைக் கொளுத்தி, வாளிக் கயிற்றில் கட்டி இறக்கினேன். ஜம்மென்று எரிந்தது. "பயமில்லை அண்ணாச்சி, இறங்கலாம்" என்று சொன்னதும் நான்தான். டாக்டர் சொல்லிவிட்டாரே என்று அவரும் இறங்கினார். அடிப்படிக்குப் போனவர் ஒன்றும் பேசாமல் அப்படியே சாய்ந்தார். அவர் பழக்கப்படி இடுப்பில் கயிறு கட்டியிருந்தார். மேலே நின்ற மூன்று பேர் இழுத்துப் போட்டோம். அரைமணி நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். பிழைத்தார்.

பிறகு நீளக் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கினோம். கடைசி ஐந்தாறு அடியில் பட்டென்று அணைந்தது. முதலில் நான் இறக்கிய கயிறு அடிவரைக்கும் எட்டவே இல்லை! அவரைக் காப்பாற்றியது அவர் இடுப்புக் கயிறு. என் படிப்பு இல்லை. அந்தக் குடும்பத்தை எங்கே பார்த்தாலும் இன்றைக்கும் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

சரி, விளக்கு அடிவரை போய் எரிந்திருந்தால்? அப்போதும் நம்ப முடியாது. பிராணவாயு 16, 17 வரை குறைந்தாலும் விளக்கு எரியும். மண்வெட்டி பிடித்து வேலை செய்கிறவருக்கு அது போதாது. விஷவாயு இருந்தாலும் விளக்கு காட்டிக்கொடுக்காது. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் அதே விளக்கால் வெடிக்கும். தீப்பெட்டிக்குப் பேர்போன கோவில்பட்டிப் பக்கத்துக்காரன் சொல்கிறேன், செப்டிக் டேங்க் வாயில் தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

வேப்பங்கொப்பைக் கட்டிக் கிணற்றில் மேலும் கீழும் ஆட்டுவது, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவது, இதெல்லாம் காற்றைக் கொஞ்சம் கலக்கும். போதுமான அளவு கலந்ததா என்று யார் சொல்வது? கருவிதான் சொல்ல வேண்டும். மூக்கில் ஈரத்துண்டு கட்டுவது தூசியைத் தடுக்கும். வாயுவைத் தடுக்காது.

கருவியை எப்படிப் பயன்படுத்த வேண்டும்?

இந்தக் கருவியை நீங்கள் வாங்கி அலமாரியில் வைக்க வேண்டியதில்லை. வேலை எடுக்கிறவரிடம் இருக்க வேண்டியது. ஆனால் அவர் சரியாகப் பயன்படுத்துகிறாரா என்று பார்க்க உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று: கருவியைத் திறந்தவெளியில் ஆன் செய்ய வேண்டும். தொட்டி ஓரத்திலோ ஓடுகிற வண்டியின் புகைக்குப் பக்கத்திலோ கூடாது. நல்ல காற்றில் பிராணவாயு 20.9, மற்ற மூன்றும் பூஜ்யம் காட்ட வேண்டும். கெட்ட காற்றில் வைத்துப் பூஜ்யமாக்கினால் அது நாள் முழுக்கப் பொய் சொல்லும்.

இரண்டு: அன்றன்றைக்கு, அளவு தெரிந்த வாயுவைக் காட்டி அலாரம் அடிக்கிறதா என்று சோதிக்க வேண்டும். பிராணவாயுவை அளக்கும் சென்சார் ஒரு சின்ன பேட்டரி மாதிரி. ஈயத் தகடு உள்ள வகை, கருவியை அணைத்து வைத்தாலும் தேய்ந்துகொண்டே இருக்கும். சுமார் இரண்டு வருஷம்தான் ஆயுள். "வாங்கி அஞ்சு வருஷமாச்சு, பிரிக்கவே இல்ல, புதுசு மாதிரி இருக்கு" என்றால், அதை நம்பக் கூடாது.

மூன்று: மூடியைக் கொஞ்சம் நகர்த்தி முதலில் வாயில் அளக்க வேண்டும். பிறகு ரப்பர் குழாய் மூலம் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்திலும் அளக்க வேண்டும். மீத்தேன் லேசானது, மேலே நிற்கும். கரியமில வாயுவும் ஹைட்ரஜன் சல்பைடும் கனமானவை, கீழே கிடக்கும். ஒவ்வொரு இடத்திலும் ஓரிரு நிமிடமாவது நிற்க வேண்டும். குழாய் நீளமானால் இன்னும் கூடுதல் நேரம். அவசரப்பட்டால், மேல்காற்றின் எண்ணை அடிக்காற்றின் எண் என்று நினைத்துக்கொள்வோம். நான் கயிற்றில் செய்த அதே தப்பு!

நான்கு: முதலில் பிராணவாயு எண்ணைப் பார்க்க வேண்டும். அது மிகவும் குறைந்திருந்தால், தீப்பிடிக்கும் வாயுவைக் காட்டும் எண்ணையும் நம்ப முடியாது. அந்தச் சென்சார் வேலை செய்யவே பிராணவாயு வேண்டும்.

ஐந்து: காற்று ஊதும் புளோவரை வைத்து ஊதிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். வேலை முடியும்வரை புளோவர் ஓட வேண்டும், கருவியும் வேலை செய்கிறவர் கழுத்துப் பக்கம் இருக்க வேண்டும். அடிச் சேற்றைக் கிளறினால் புதைந்திருந்த வாயு குபுகுபுவென்று வரும். சிலிண்டர் ஆக்ஸிஜனை உள்ளே திறந்துவிடக் கூடாது. 23.5-க்கு மேல் போனால் சின்னப் பொறியும் பெருந்தீ ஆகும்.

ஆறு: அலாரம் அடித்தால் உடனே வெளியே வர வேண்டும். "மெஷின் கோளாறா இருக்கும்" என்று அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டு உள்ளே நிற்கக் கூடாது.

19.5 வரை காத்திருக்காதீர்கள்

வழக்கமாக அலாரம், பிராணவாயு 19.5-க்கு இறங்கும்போதும், ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் 10 பங்கு ஆகும்போதும் அடிக்கும். "அப்போ 20 இருந்தா சரிதானே?" என்றால், இல்லை.

கணக்கைப் பாருங்கள். காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் பிராணவாயு. வேறொரு வாயு புகுந்து காற்றைத் தள்ளியதால் பிராணவாயு 1 சதவீதம் குறைந்தது என்றால், புகுந்தது ஏறக்குறைய 5 சதவீதம். 20.9 என்பது 19.5 ஆகியிருந்தால், கிட்டத்தட்ட 7 சதவீதம் வேறு ஏதோ வாயு உள்ளே இருக்கலாம். அது கரியமில வாயுவாக இருந்தால் அப்போதே தலைவலி, மேல்மூச்சு, மயக்கம்தான். நான்கு வாயு பார்க்கும் சாதாரணக் கருவியில் கரியமில வாயுவுக்குச் சென்சார் இருக்காது. ஆகவே கிணற்றில் 20.9-லிருந்து எண் குறைய ஆரம்பித்தாலே, "என்ன புகுந்திருக்கு?" என்று கேளுங்கள். பதில் தெரியாமல் யாரும் இறங்க வேண்டாம்.

இரண்டாவது ஆள்

2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியில் ஆறு பேர் இறந்தார்கள். அதில் ஒரு தகப்பனும் அவருடைய இரண்டு மகன்களும் அடக்கம். 2020 ஜூலையில் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்திலேயே செக்காரக்குடிப் பக்கம் ஒரு வீட்டுச் செப்டிக் டேங்கில் நான்கு பேர். ஒரு தொட்டியில் எப்படி நான்கு பேர், ஆறு பேர் சாகிறார்கள் என்று யோசித்தீர்களா? ஒருவர் விழுந்தால் அவரைத் தூக்க அடுத்தவர் குதிக்கிறார். அமெரிக்காவில் தொழிலாளர் நலத்தை ஆராயும் அரசு நிறுவனம் 1986-லேயே சொல்லிவிட்டது, இப்படிப்பட்ட இடங்களில் இறப்பவர்களில் நூற்றுக்கு 60-க்கு மேல் காப்பாற்றப் போனவர்கள்!

பெற்ற பிள்ளை விழுந்து கிடக்கும்போது சும்மா நிற்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாதுதான். அதனால்தான் முதல் ஆளையே இறக்க வேண்டாம் என்கிறேன்.

அப்படியும் ஒருவர் விழுந்துவிட்டால்:

இறங்காதீர்கள், மற்றவரையும் இறங்க விடாதீர்கள். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108 கூப்பிடுங்கள். இடுப்பில் கயிறு இருந்தால் மேலிருந்தே இழுங்கள். மூடிகளையெல்லாம் திறந்து, புளோவர் இருந்தால் காற்றை ஊதுங்கள். பீடி, சிகரெட், விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

வெளியே எடுத்தபின் காற்றோட்டமான இடத்தில் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்துங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வெங்காயத்தைக் கசக்கி மூக்கில் வைப்பது, நசியம் விடுவது எதுவும் வேண்டாம். நசியம் எங்கள் மருத்துவத்தில் உண்டு. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், இதற்கு அது மருந்தில்லை. இதற்கு வேண்டியது பிராணவாயுவும் ஆஸ்பத்திரியும். எழுந்து உட்கார்ந்து "இப்ப நல்லாருக்கு" என்றாலும் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

செப்டிக் டேங்க் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2013-ல் வந்த சட்டப்படி, போதிய பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது குற்றம். நகராட்சிக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும்தான். முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடைக் குழியில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே கழிவு உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். குழாயை விட்டு மேலிருந்தே உறிஞ்சட்டும். 'அடியில் கொஞ்சம் சேறு நிற்குது' என்று ஆளை இறக்கச் சொல்லாதீர்கள். கொஞ்சம் நிற்கட்டும், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

கிணறு தூர் வார ஆள் வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். கருவி இருக்கிறதா? அடிவரை அளந்தீர்களா? இடுப்பில் கயிறு இருக்கிறதா? மேலே, எது நடந்தாலும் இறங்காமல் நிற்க ஒரு ஆள் இருக்கிறாரா? ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், அன்றைக்கு வேலை வேண்டாம். கூலியைக் கொடுத்து அனுப்பினாலும் நஷ்டமில்லை.

அந்த அம்மா அன்று லாரியைக் கூப்பிட்டார். வந்த இரண்டு பேரும் மேலே நின்று குழாயைப் பிடித்தார்கள். வேலை முடிந்து, சாயங்காலம் காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஆக்ஸிமீட்டரை என் மேஜையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார் அந்த அம்மா. மறுநாள் வந்து வாங்கிப் போகும்போது, "இது வீட்டுக்காரருக்கு இருக்கட்டும்யா, அவருக்குத்தான் வீசிங்" என்றார்.

அதுதான் அந்தக் கருவிக்கு உரிய வேலை!